எங்கள் பெட்டிக் கம்பெனிக்கு இ-இன்வாய்ஸ் சேவை எடுத்த அனுபவம்

திருப்பூர் மங்கலம் ரோட்டுப் பக்கம் எங்களுடைய கார்ட்டன் பாக்ஸ் கம்பெனி இருக்கிறது. பனியன் ஏற்றுமதி செய்பவர்களுக்கு 5 ப்ளை, 7 ப்ளை மாஸ்டர் கார்ட்டன் செய்து கொடுக்கிறோம். தொடங்கியவர் என் மாமனார். இப்போது ஓட்டத்தைக் கணவர் பார்க்கிறார். பில், ஜிஎஸ்டி, வசூல் மூன்றும் என் மேஜையில்.

பெட்டித் தொழிலில் பில் எண்ணிக்கை அதிகம். எந்த ஏற்றுமதிக் கம்பெனியும் காலிப் பெட்டியை வாங்கி அடுக்கி வைக்காது, இடம் போதாது. பேக்கிங் தொடங்கிய பிறகுதான் போன் வரும். "இன்னிக்கு முந்நூறு பெட்டி, சாயங்காலத்துக்குள்ள" என்பார்கள். ஒரே பார்ட்டிக்கு ஒரே நாளில் மூன்று தடவை வண்டி போகும், மூன்று பில் போடுவோம். சாதாரண நாளில் 30, சீசனில் 45 வரை போகும். ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். எங்கள் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு, சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் என்ற சீட்டுகூடத் தேவைப்படாது, ஏனென்றால் தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரை அது வேண்டாம். ஆனால் பில்லை அரசின் கணினியில் பதிந்து எண் வாங்கும் முறையான இ-இன்வாய்ஸுக்கு அப்படிக் குறைந்தபட்சத் தொகை கிடையாது. ஜிஎஸ்டி எண் உள்ளவருக்கு ஐந்நூறு ரூபாய்க்கு விற்றாலும் ஐஆர்என் என்ற அந்தப் பதிவு எண்ணை வாங்கித்தான் பில் கொடுக்க வேண்டும்.

இந்தச் சேவையை இரண்டு தடவை தேர்ந்தெடுத்தேன். முதல் தடவை தவறாக எடுத்தேன். இரண்டாவது தடவை எடுத்தது இன்றுவரை நன்றாக ஓடுகிறது. இடையில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன், ஏனென்றால் 5 கோடியை இப்போதுதான் தாண்டும் சின்னக் கம்பெனிகள் எங்கள் ஊரில் நிறைய இருக்கின்றன.

முதலில் யாருக்குப் பொருந்தும் என்பது. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. அப்புறம் 100 கோடி, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் வந்தது. எங்களுக்குப் பிடிபடாமல் இருந்த விஷயம் ஒன்று: 2017-18 முதல் எந்த ஓர் ஆண்டில் 5 கோடியைத் தாண்டியிருந்தாலும் கட்டாயம்தான். நாங்கள் 2021-22இல் மட்டும் தாண்டினோம். அதற்கு அடுத்த ஆண்டுகளில் ஊரிலேயே ஆர்டர் குறைந்தது, எங்கள் விற்றுமுதலும் 5 கோடிக்குக் கீழே வந்தது. "இப்பத்தான் குறைஞ்சு போச்சே, நமக்கு எதுக்கு?" என்று மாமா கேட்டார். ஆடிட்டர்தான் விளக்கினார்: ஒரு தடவை தாண்டினால் தாண்டியதுதான். கணக்கும் ஒரு ஜிஎஸ்டி எண்ணுக்கு மட்டும் இல்லை, ஒரு பான் எண்ணின் கீழ் உள்ள எல்லாக் கிளைகளையும் சேர்த்துத்தான்.

இதைச் சும்மா விட முடியாது. ஜிஎஸ்டி விதி 48இன்படி, ஐஆர்என் வாங்க வேண்டியவர் வாங்காமல் கொடுக்கும் பில், பில்லாகவே கருதப்படாது. பில் இல்லையென்றால் வாங்கியவர் அதில் கட்டிய வரியை (உள்ளீட்டு வரியை) தன் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. எங்கள் பார்ட்டிகள் எல்லோரும் ஏற்றுமதியாளர்கள், கட்டிய வரியை ரீஃபண்ட் வாங்குபவர்கள். அவர்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் க்யூஆர் கோடு இல்லாத பில்லைக் கையில் தொடவே மாட்டார்கள். சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சேவை தேடிப் போனால் முதலில் குழப்புவது பெயர்கள். ஐஆர்பி, ஜிஎஸ்பி, ஏஎஸ்பி என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். நான் புரிந்துகொண்டது இப்படி. ஐஆர்பி என்பது முத்திரை குத்தும் கவுண்டர். நம் பில் விவரம் அங்கே போனால், சரிபார்த்து, 64 எழுத்து கொண்ட ஐஆர்என்னைப் பதிந்து, டிஜிட்டல் கையெழுத்தோடு க்யூஆர் கோடு திருப்பித் தரும். அரசின் தகவலியல் மையமான என்ஐசி நடத்தும் கவுண்டர்கள் இரண்டு. அரசு அங்கீகரித்த தனியார் கவுண்டர்கள் நான்கு: சிக்னெட், கிளியர், இ.ஒய், ஐரிஸ். ஜிஎஸ்பி என்பது அந்தக் கவுண்டருக்குப் போகும் குழாய். ஏஎஸ்பி என்பது நாம் பில் போடும் மென்பொருளைத் தருபவர், குழாயின் இந்த முனையில் இருக்கும் திருகு. விற்க வருகிறவர் இதில் எதை விற்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

"எந்தக் கவுண்டர்ல போனாலும் நம்பர் ஒண்ணுதானுங்கம்மா" என்றார் ஆடிட்டர். அது உண்மை. நம் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் நம்பர் இந்த நான்கையும் சேர்த்துத்தான் ஐஆர்என் உருவாகிறது. அதனால் ஒரே பில்லுக்கு எங்கே கேட்டாலும் அதே எண்தான் வரும். "எங்கள் ஐஆர்என்தான் உயர்ந்தது" என்று யாராவது பேசினால் அங்கேயே எழுந்துவிடலாம். முத்திரை எல்லா இடத்திலும் ஒன்று. குழாயும் திருகும்தான் வேறுபடும், அவை அடைத்துக்கொள்ளும் நாளில்தான் வேறுபாடு தெரியும்.

எங்களுக்கு அந்த நாள் 2023 நவம்பரில் வந்தது.

ஆகஸ்டில் அவசரமாக ஒரு சேவையை எடுத்திருந்தோம். பெயர் வேண்டாம். தெரிந்தவர் மூலம் வந்த விற்பனையாளர், லேப்டாப்பைத் திறந்து மூன்று நிமிடத்தில் பத்து பில்லுக்கு ஐஆர்என் எடுத்துக் காட்டினார். அழகாக இருந்தது. நாங்கள் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடுவோம், அதிலிருந்து எக்செல் எடுத்து அவர்கள் தளத்தில் ஏற்ற வேண்டும், ஐஆர்என் வந்ததும் அங்கேயே பிரின்ட் எடுக்க வேண்டும். பத்தாயிரம் பில்லுக்கு முன்பணம் கட்டினோம். நிதியாண்டு முடிந்தால் மிச்சம் காலாவதி என்பது ரசீதின் பின்பக்கத்தில் இருந்தது. ஆகஸ்டில் சேர்ந்தவருக்கு மார்ச் வரை எட்டே மாதம்தானே, அதை நான் யோசிக்கவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மாலை ஆறு நாற்பது. ஒரு பார்ட்டிக்கு 7 ப்ளை பெட்டி லோடு ஏற்றி வண்டி கேட்டில் நிற்கிறது. அவர்கள் கன்டெய்னர் அன்று ராத்திரி தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். பில் போடும் தங்கை அனுப்பும் பட்டனை அழுத்தினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் 'தோல்வி' என்று சிவப்பாக வந்தது. மறுபடி அழுத்தினாள். இப்போது 2150 என்று ஒரு பிழை எண். விளக்கம் எதுவும் இல்லை, எண் மட்டும்.

டிரைவர் ஜன்னலில் வந்து நின்றார். "அக்கா, பில் ஆச்சுங்களா? அங்க ஏழு மணிக்குப் பெட்டி வேணும்ங்கறாங்க."

உதவி எண்ணுக்கு அடித்தேன். அலுவலக நேரம் ஆறு மணியோடு முடிந்தது என்று குரல் பதிவு சொன்னது. தங்கை பதறிப்போய், பில் நம்பரை அடுத்த நம்பராக மாற்றி மறுபடி அனுப்பினாள். உடனே ஐஆர்என் வந்துவிட்டது. வண்டி போனது. எல்லோரும் மூச்சு விட்டோம்.

2150 என்றால் என்னவென்று திங்கட்கிழமைதான் தெரிந்தது. 'இந்தப் பில்லுக்கு ஏற்கெனவே ஐஆர்என் இருக்கிறது' என்று அர்த்தம். முதல் தடவை அழுத்தியபோதே பில் கவுண்டருக்குப் போய், முத்திரையும் விழுந்துவிட்டது. பதில் திரும்பி வரும் வழியில்தான் அறுந்திருக்கிறது. அந்த மென்பொருளுக்கு அதைப் போய் எடுத்து வரத் தெரியவில்லை. ஆக, ஒரு லோடுக்கு இரண்டு பில், இரண்டுக்கும் செல்லுபடியாகும் ஐஆர்என். ஐஆர்என்னை ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம், அது ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது. இரண்டு பில்லும் எங்கள் மாத விற்பனைப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1இல் தானாகப் போய் உட்கார்ந்திருந்தன, பார்ட்டியின் கணக்கிலும் தெரிந்தது. முழுத் தொகைக்கும் ஒரு கிரெடிட் நோட் போட்டு, அதற்கும் தனியாக ஐஆர்என் எடுத்து, பார்ட்டியின் அக்கவுண்ட்ஸ் மேனேஜரிடம் மூன்று தடவை விளக்கித்தான் முடித்தேன். சேவைக்காரர்களிடமிருந்து பதில் புதன்கிழமை வந்தது. "பிரவுசரை ரீஃப்ரெஷ் செய்து பார்க்கவும்" என்று ஒரு வரி.

தங்கை மீது எனக்குக் கோபமே வரவில்லை. வண்டி நிற்கும்போது யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பிழை எண்ணைத் தமிழில் வேண்டாம், ஆங்கிலத்திலாவது ஒரு வரி விளக்கியிருந்தால் அவள் அடுத்த நம்பரைப் போட்டிருக்க மாட்டாள்.

மார்ச் வரை அதையே ஓட்டிவிட்டு, புது நிதியாண்டுக்கு வேறு பார்ப்பது என்று முடிவு செய்தோம். இந்தத் தடவை யாரும் டெமோ காட்ட வேண்டாம், நானே சோதிக்கிறேன் என்றேன். மூன்று வழிகளை எடுத்துக்கொண்டேன்.

ஒன்று, அரசின் இலவச வழி. என்ஐசி இ-இன்வாய்ஸ் தளத்தில் நேரடியாகவே ஒவ்வொரு பில்லாக உள்ளிடலாம். அல்லது ஜெப் என்ற எக்செல் கருவியை இறக்கிக்கொண்டு, நம் கணினியிலேயே பில்களைத் தயாரித்து, ஜேசன் ஃபைலாக ஏற்றி, ஐஆர்என்களை இறக்கி, க்யூஆரோடு பிரின்ட்டும் எடுக்கலாம். ஒரு பைசா செலவில்லை. இதை இரண்டு வாரம் வேறு எதுவும் இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். நாளைக்கு ஐந்தாறு பில் போடுபவருக்கு இதைவிட வேறு எதுவும் தேவையே இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். எங்கள் பக்கத்துக் கட்டிடத்தில் மெஷின் உதிரி பாகம் விற்பவர் மாதத்துக்கு நாற்பது பில் போடுகிறார். அவரிடம் ஒரு நிறுவனம் ஆண்டுச் சந்தா வாங்கப் பார்த்தது. வேண்டாம் என்று தடுத்து, ஜெப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் எங்கள் மாதிரி 40 பில், அதுவும் ஒவ்வொன்றும் வண்டி நிற்கும்போது வேண்டும் என்றால், டேலியில் ஒரு தடவை, எக்செல்லில் ஒரு தடவை என்று இரட்டை வேலை ஆகிறது.

இரண்டு, இணையத்தில் ஓடும் கணக்கு மென்பொருளான ஜோஹோ புக்ஸ். சென்னைக் கம்பெனி, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருப்பவர்கள். சோதனைக் காலத்தில் எடுத்துப் பார்த்தேன். பில்லைச் சேமித்து, கவுண்டருக்கு அனுப்பும் பட்டனை அழுத்தினால் போதும், ஐஆர்என்னும் க்யூஆரும் அதே பில்லில் வந்து உட்கார்ந்துவிடும். இணையத்தில் ஓடுவதால் கம்பெனிக்கு வெளியே இருந்தும் போடலாம். ஒரு நாள் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டே போனில் ஒரு பில் போட்டு அனுப்பினேன். புதிதாகத் தொழில் தொடங்குபவராக நான் இருந்தால், யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். எங்களுக்குத் தடையாக இருந்தது எங்கள் பழைய சரக்கு: பதினைந்து வருடக் கணக்கு, பேப்பர் ரீல் இருப்பு, பார்ட்டி பாக்கி எல்லாம் டேலியில். ஆடிட்டர் ஆபீஸும் டேலி. அதையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போக எங்களுக்குத் தெம்பு இல்லை.

மூன்று, டேலி பிரைமுக்குள்ளேயே இருக்கும் இ-இன்வாய்ஸ் வசதி. அது இருப்பது முதலிலேயே தெரியும். நாங்கள் பழைய பதிப்பிலேயே இருந்ததாலும் டிஎஸ்எஸ் என்ற டேலியின் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்ததாலும், 2023இல் அந்தப் பக்கமே போகவில்லை. புதுப்பித்துப் பார்த்தேன்.

சோதனை என்று நான் செய்ததைச் சொல்கிறேன். எப்படியும் போக வேண்டிய ஒரு சின்னப் பில்லை எடுத்துக்கொண்டேன். அனுப்பும் பட்டனை அழுத்திய அதே நொடியில் கணினியின் பின்பக்கம் இணைய வயரைப் பிடுங்கினேன். பிழை வந்தது. வயரைச் செருகி, மறுபடி அனுப்பச் சொன்னேன். முதல் முயற்சியில் பில் கவுண்டருக்குப் போய்ச் சேரவே இல்லை, அதனால் புதிதாக ஐஆர்என் வந்தது. இன்னொரு பில்லில் அரை நொடி தாமதித்துப் பிடுங்கினேன். நான்காவது முயற்சியில்தான் நான் தேடிய நிலைமை கிடைத்தது: அங்கே முத்திரை விழுந்துவிட்டது, இங்கே பதில் வரவில்லை. ஏற்கெனவே உண்டான ஐஆர்என் விவரத்தைத் தளத்திலிருந்து எடுத்து அதே பில்லில் சேர்க்கும் வழி டேலிக்குள்ளேயே இருந்தது. சேர்த்தேன், க்யூஆர் வந்துவிட்டது. எழுந்து போய்க் கணவரிடம், "இதையே வெச்சுக்கலாங்க" என்றேன். மற்ற எதையும் சோதிக்கும் முன்பே என் மனம் முடிவாகிவிட்டது.

இருந்தாலும் சோதித்தேன். ரத்தான ஜிஎஸ்டி எண் உள்ள ஒரு பழைய பார்ட்டி பெயரில் பில் அனுப்பினேன், கவுண்டர் மறுத்துவிட்டது, காரணமும் வரியாகத் தெரிந்தது. பின்கோடு ஒரு மாநிலம், முகவரி இன்னொரு மாநிலம் என்று போட்டுப் பார்த்தேன், அதுவும் பிடிபட்டது. இந்த இரண்டையும் பிடிப்பது கவுண்டர்தான், அதை நமக்குப் புரியும்படி சொல்வதுதான் மென்பொருளின் வேலை. எது அனுப்பப்பட்டது, எது பாக்கி, எது மறுக்கப்பட்டது என்று ஒரே அறிக்கையில் பிரித்துக் காட்டுகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு அதைத் திறந்து, பாக்கி என்ற இடத்தில் சுழியம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன். பார்த்தால் 24 மணி நேர அவகாசத்துக்குள்ளேயே தவறு தெரிந்துவிடும். ரத்து செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பில்லுக்கு இ-வே பில் உயிரோடு இருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும், பிறகுதான் ஐஆர்என்னை ரத்து செய்ய முடியும். ரத்தான பில் நம்பரை மறுபடி பயன்படுத்தவும் முடியாது.

10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் இன்னொரு கடிவாளம் இருக்கிறது. பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் கவுண்டரில் பதியாவிட்டால் அப்புறம் ஏற்காது. எங்களுக்கு அது பொருந்தாது. ஆனாலும் பில்லை ஒத்திப்போடும் பழக்கமே வேண்டாம் என்பேன்.

வசதிகளைவிட, வரி மாறிய இரண்டு நாட்கள்தான் இந்தச் சேவை மேல் எனக்கு உண்மையான நம்பிக்கையைக் கொடுத்தன. பெட்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இருந்தது. 2024 ஜூலை 15 அன்று 12 ஆனது. 2025 செப்டம்பர் 22 அன்று 5 ஆனது. இரண்டும் திங்கட்கிழமை, இரண்டு தடவையும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றினோம். டேலியில் பெட்டி வகைகள் எல்லாம் ஒரே ஸ்டாக் குரூப்பின் கீழ் இருந்ததால், ஒரே இடத்தில் புது விழுக்காட்டையும் எந்தத் தேதியிலிருந்து என்பதையும் கொடுத்தால் போதும். ஞாயிறு தேதியிட்ட பில்லைத் திறந்தால் 12, திங்கள் தேதிக்கு 5. நூற்றுப் பதினெட்டு சைஸுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருந்தால் அன்று திங்கட்கிழமை முதல் வண்டி பத்து மணிக்கு மேல்தான் போயிருக்கும். எட்டேகாலுக்குப் போனது.

கிரெடிட் நோட்டில் மட்டும் கையால் கவனிக்க வேண்டியிருந்தது. செப்டம்பர் 18 அன்று 12 சதவீதத்தில் போன பெட்டிகளில் எண்பது பிரின்ட் தவறாகித் திரும்பி வந்தன. கிரெடிட் நோட் போட்டது செப்டம்பர் 26. ஆனால் அது பழைய விற்பனையைச் சேர்ந்தது என்பதால் வரி 12தான் போட வேண்டும். பார்த்துப் பார்த்துப் போட்டோம், கவுண்டரும் ஏற்றுக்கொண்டது. நீங்கள் எடுக்கும் சேவையில் பழைய விழுக்காட்டில் கிரெடிட் நோட் போட முடிகிறதா என்று காசு கொடுக்கும் முன் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த மாற்றத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டித் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அது வலிக்கிறது. அதே செப்டம்பர் 22இல் எங்கள் மூலப்பொருளான கிராஃப்ட் பேப்பருக்கு வரி 12இலிருந்து 18 ஆனது. வாங்கும்போது 18, விற்கும்போது 5. நடுவில் தேங்கும் வரி எங்கள் பணம். அதைத் திரும்பப் பெற ரீஃபண்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்ற பில், வாங்கிய பில் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டிய கட்டாயம் முன்னைவிட இப்போது அதிகம். 2023 நவம்பரில் ஆன மாதிரி ஓர் இரட்டைப் பில் இப்போது நடந்தால், விற்பனை எண்ணும் ரீஃபண்ட் கணக்கும் சேர்ந்து குழம்பும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சேவை எடுக்கும்போது யாரும் பேசாத சில சங்கதிகளும் இருக்கின்றன. தளத்தில் நாம் நுழையும் கடவுச்சொல் வேறு, நம் மென்பொருள் ஜிஎஸ்பி வழியாகப் போக உருவாக்கும் ஏபிஐ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேறு. இரண்டாவதைத் தளத்திலேயே நாமே உருவாக்கி, எந்த ஜிஎஸ்பிக்கு என்று தேர்ந்தெடுக்கலாம். விலகும்போது அதை முடக்கியும் வைக்கலாம். எங்கள் முதல் சேவைக்காரர்கள் தள நுழைவுக் கடவுச்சொல்லையே வாட்ஸப்பில் கேட்டார்கள், நாங்களும் கொடுத்தோம். அது கம்பெனிப் பெட்டிச் சாவியைக் கொடுப்பது மாதிரி. அதைக் கேட்பவரிடம் சேவை வாங்காதீர்கள்.

தளத்தில் நுழைய இப்போது ஓடிபியும் வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் அது கட்டாயம். எங்கள் பதிவில் இருந்த எண் மாமாவுடையது. அவர் பழனிக்குப் போயிருந்த ஒரு நாள், டேலி ஓடும் கணினியின் ஹார்டு டிஸ்க் போய், நேரடியாகத் தளத்தில் பில் போட வேண்டி வந்தது. மலை மேல் போன் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அன்றே எனக்கும் பில் போடும் தங்கைக்கும் தனித்தனித் துணைப் பயனர் உருவாக்கி, எங்கள் எண்களையே கொடுத்தேன். எந்தச் சேவை எடுத்தாலும் அரசுத் தளத்தின் இலவச வழியை மாற்றாக வைத்திருங்கள், மாதம் ஒரு பில்லாவது அதில் போட்டுக் கைப்பழக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரின்ட். நாங்கள் மூன்று நகலும் ஒரே தடவையில் விழும் என்று டாட் மேட்ரிக்ஸில் எடுத்துக்கொண்டிருந்தோம். க்யூஆர் கோடு மிக நெருக்கமான புள்ளிகள் கொண்டது. நம் எண், வாங்குபவர் எண், பில் நம்பர், தேதி, தொகை, முக்கியப் பொருளின் வகைக் குறியீடான எச்எஸ்என் எல்லாம் உள்ளே இருக்கிறது. டாட் மேட்ரிக்ஸில் அது கறுப்புத் திட்டாக விழுந்தது, ஸ்கேன் ஆகவில்லை. ஒரு பார்ட்டியின் கேட்டில் செக்யூரிட்டி அண்ணா ஸ்கேன் செய்து பார்த்து வண்டியை உள்ளே விடவில்லை. அவர் செய்தது சரிதான். லேசர் பிரின்டர் வாங்கிய பிறகு அந்தப் பிரச்சினை இல்லை. வந்த பில் சரியானதா என்று பார்க்க அரசின் க்யூஆர் சரிபார்ப்பு ஆப் இலவசமாகவே இருக்கிறது. எங்களுக்கு வரும் பேப்பர் மில் பில்களை ரீல் இறக்கும் முன்பே அதில் ஸ்கேன் செய்கிறோம்.

செலவு பற்றிக் கேட்பீர்கள். டேலியில் நாங்கள் கட்டுவது டிஎஸ்எஸ் ஆண்டுச் சந்தா மட்டும். பில்லுக்கு இவ்வளவு என்று தனியாக எதுவும் கட்டவில்லை, காலாவதியாகும் முன்பணமும் இல்லை. பில்லுக்குக் காசு வாங்கும் சேவையை எடுத்தால், கிரெடிட் நோட்டுக்கும் ரத்து செய்ததற்கும் எண்ணுகிறார்களா, தோல்வியான முயற்சியையும் எண்ணுகிறார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். எங்கள் பழைய சேவையில் தோல்வியும் கணக்கில் ஏறியது.

விலகும்போது தரவு என்னாகும் என்பதும் முக்கியம். ஜிஎஸ்டி கணக்குகளை அந்த ஆண்டுக்கான வருடாந்திரப் படிவத்தின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பழைய சேவையின் கணக்கு மூடுவதற்கு முன், எட்டு மாதப் பில்லையும் கையெழுத்திட்ட ஜேசனோடு இறக்கி இரண்டு ஹார்டு டிஸ்கில் வைத்தேன். ஒவ்வொன்றாக அழுத்தித்தான் இறக்க முடிந்தது, மொத்தமாக எடுக்க வழியே இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போனது.

எச்எஸ்என் பற்றி ஒரு வார்த்தை: 5 கோடிக்கு மேல் என்றால் 6 இலக்கம் வேண்டும். பெட்டிக்கு 4819 என்று நான்கோடு நிறுத்தியிருப்பவர்கள் 481910 என்று மாஸ்டரிலேயே திருத்திக்கொள்ளுங்கள். பில் நம்பர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், சுழியத்தில் தொடங்கக் கூடாது. இரண்டும் முதல் நாளே இடிக்கும்.

எனக்கு டேலி பொருந்தியது, ஏனென்றால் கணக்கு ஏற்கெனவே அங்கே இருந்தது. மாதம் ஐம்பது பில்லுக்குள் என்றால் அரசின் ஜெப் போதும். கடை, வீடு, வழி எங்கிருந்தும் பில் போட வேண்டும், பழைய கணக்குச் சுமை இல்லை என்றால் ஜோஹோ புக்ஸைப் பாருங்கள். பல கிளை, இஆர்பி என்ற சொந்த நிர்வாக மென்பொருள், நாளைக்கு ஆயிரம் பில் என்று ஓடும் பெரிய கம்பெனிகளுக்கு அந்த நான்கு தனியார் கவுண்டர்களோடு நேரடி இணைப்பு சரியாக இருக்கும். அது எங்கள் அளவுக்கு மேற்பட்ட விஷயம்.

போன வாரம் அதே பார்ட்டி, அதே 7 ப்ளை, மறுபடி சனிக்கிழமை மாலை. மழையில் நெட் விட்டு விட்டு வந்தது. தங்கை பில்லை அனுப்பினாள், பதில் வரவில்லை. இந்தத் தடவை நம்பரை மாற்றவில்லை. போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு, பழைய ஐஆர்என்னைத் தளத்திலிருந்து எடுத்து அதே பில்லில் சேர்த்து, பிரின்ட் கொடுத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள். நான் போவதற்குள் வண்டி கேட்டைத் தாண்டியிருந்தது.